ரிசப்ஷன் மேசைக்கு எது பொருந்தும்? எக்ஸ்பான்ஷன் மாட்யூல், பெரிய டச் போன், கணினி கன்சோல்: ஓர் ஒப்பீடு

அலுவலகத்தில் எக்ஸ்டென்ஷன்கள் (ஒவ்வொருவருக்கும் உள்ள உள் இணைப்பு எண்கள்) நாற்பது, ஐம்பது என்று ஏறியதும் ரிசப்ஷனிலிருந்து ஒரே புகார்தான் வரும்: "போன்ல பத்து பட்டன்தான் இருக்கு. யார் லைன்ல இருக்காங்க, யார் சும்மா இருக்காங்கன்னே தெரியல." உடனே போனுக்குப் பக்கத்தில் பொருத்தும், கூடுதல் பட்டன்கள் தரும் எக்ஸ்பான்ஷன் மாட்யூலுக்கு விலை கேட்கத் தொடங்குவார்கள். கேட்கும் இடத்தில் பெரிய டச் போனையும் காட்டுவார்கள். கணினியில் ஓடும் கன்சோல் மென்பொருள் விற்பவர் இரண்டும் பழைய காலத்துச் சரக்கு என்பார். மூன்றுக்கும் இடமுண்டு. தவறான ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதற்கு மாறுவது எளிதல்ல என்பதால், ஆர்டர் போடுமுன் நிதானிப்பது நல்லது.

## பட்டனை எண்ணாதீர்கள், விளக்கை எண்ணுங்கள்

விளம்பரத் தாளில் "60 பட்டன்" என்று இருக்கும். யீலிங்க் ஈஎக்ஸ்பி43 மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். 4.3 அங்குலக் கலர் திரை, பக்கத்துக்கு 20 பட்டன், மூன்று பக்கம், ஆக 60. கணக்கு சரிதான். ஆனால் அந்த எக்ஸ்டென்ஷன் லைனில் இருக்கிறதா என்று காட்டும் விளக்குகளில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 20 மட்டுமே. மீதி 40 அடுத்த பக்கங்களில் ஒளிந்திருக்கும். சிஸ்கோ 8800 வரிசையின் ஒற்றைத் திரை மாட்யூல் 36 லைன் என்பதும் 18 பட்டன், இரண்டு பக்கம் என்ற கணக்குதான். கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஎக்ஸ்பி2200 எக்ஸ்ட் மாட்யூலின் 40ம் 20 பெருக்கல் 2.

ரிசப்ஷனில் இருப்பவருக்கு வேண்டியது என்ன? அழைப்பு வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "அவர் லைன்ல இருக்கார், காத்திருக்கீங்களா?" என்று சொல்ல முடிய வேண்டும். அந்த விளக்கு இரண்டாம் பக்கத்தில் இருந்தால் பக்கம் மாற்றிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு டைரக்டரியில் தேடுவதே மேல். எனவே ஒரு வாரம் ரிசப்ஷனில் ஒரு தாளை வைத்து, எந்தெந்த எக்ஸ்டென்ஷனுக்கு அழைப்பை மாற்றுகிறார்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். ஐம்பது பேர் உள்ள இடத்திலும் பெரும்பாலான அழைப்புகள் பத்துப் பதினைந்து பேருக்கே போகும். அந்தப் பட்டியலின் நீளம்தான் உங்களுக்குத் தேவையான விளக்கு எண்ணிக்கை.

## பார்க்க வேண்டிய அளவுகோல்கள்

ஒரே பார்வையில் எத்தனை விளக்கு தெரிகிறது என்பது முதலாவது. ஆட்கள் எவ்வளவு அடிக்கடி மாறுகிறார்கள், அப்போது பெயர்களை யார் மாற்றுவார்கள் என்பது அடுத்தது. மூன்றாவது, போன்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சில் மின்சாரமும் போனில் போர்ட்டும் மிச்சம் இருக்கிறதா என்பது. வாங்குவது ஒரே போன் வரிசையோடு கட்டிப்போடுகிறதா என்பது நான்காவது. கணினியோ நெட்வொர்க்கோ படுத்தால் என்ன மிஞ்சும் என்பது கடைசி. இதைப் பலரும் கேட்பதில்லை.

| அளவுகோல் | எக்ஸ்பான்ஷன் மாட்யூல் | பெரிய டச் போன் | கணினி கன்சோல் | இருப்பதைச் சீரமைத்தல் |
|---|---|---|---|---|
| ஒரே பார்வையில் விளக்குகள் | மாட்யூலுக்குச் சுமார் 20 | திரையை விரித்தால் 30க்குள் | திரை அகலம் தாங்கும் அளவு | 8 முதல் 10 |
| அழைப்பை மாற்றும் வேகம் | ஒரு அழுத்தல் | ஒன்று அல்லது இரண்டு தொடுதல் | பெயரில் மூன்றெழுத்து, பிறகு எண்டர் | முக்கியமானவர்களுக்கு ஒரு அழுத்தல், மற்றவர்க்கு டயல் |
| பெயர் மாற்றம் | போனின் அமைப்பில் கைவேலை | அதே | பெரும்பாலும் டைரக்டரியிலிருந்து தானாக | கொஞ்சம் |
| கூடுதல் மின்சாரம் | உண்டு | உண்டு | போனுக்கு இல்லை | இல்லை |
| தொடர் செலவு | இல்லை | இல்லை | இருக்கைக்கு லைசென்ஸ் | இல்லை |
| வேறு போனுக்கு மாறினால் | வீண் | போனே மாறும் | பெரும்பாலும் தொடரும் | பாதிப்பில்லை |

## எக்ஸ்பான்ஷன் மாட்யூல்

தேவை 15 முதல் 40 விளக்கு வரை, ஆட்கள் அதிகம் மாறாத இடம், ரிசப்ஷனில் இருப்பவர் எதிரே நிற்கும் விருந்தினரிடமும் பேசிக்கொண்டே அழைப்பை மாற்ற வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் மாட்யூலை மிஞ்ச ஒன்றுமில்லை. விரலுக்கு இடம் பழகிவிடும். இரண்டு வாரத்தில் பட்டனைப் பார்க்காமலே அழுத்துவார்கள். நாற்பது விளக்கு வேண்டுமென்றால் ஒரே மாட்யூலில் இரண்டு பக்கம் வைப்பதைவிட, இரண்டு மாட்யூலை அடுத்தடுத்து மாட்டி இரண்டையும் முதல் பக்கத்திலேயே நிறுத்துங்கள். செலவு இரட்டிப்பாகும், ஆனால் மாட்யூல் வாங்கியதன் பயன் அதில்தான் இருக்கிறது.

எந்தப் போனுக்கு எது. இங்கேதான் முதல் சறுக்கல். மாட்யூல்கள் அந்தந்த வரிசைக்கே பொருந்தும். யீலிங்கில் ஈஎக்ஸ்பி43 என்பது டி43யூ, டி46யூ, டி48யூ போன்களுக்கு. முந்தைய டி46ஜி, டி48ஜி போன்களுக்கு ஈஎக்ஸ்பி40. பெயரிலுள்ள கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் கேபிளே பொருந்தாது. சிஸ்கோவில் 8851, 8861, 8865 மாட்யூலை ஏற்கும்; 8811, 8841, 8845 ஏற்காது. 8851க்கு இரண்டு மாட்யூல் வரை, மற்ற இரண்டுக்கும் மூன்று. ஒற்றைத் திரை மாட்யூலையும் இரட்டைத் திரை மாட்யூலையும் ஒரே போனில் கலந்து மாட்டவும் முடியாது. பழைய மாட்யூல் ஒன்று அலமாரியில் இருக்கிறது என்பதற்காக அதற்கேற்ற போனைத் தேடி வாங்குவது, உற்பத்தி நின்றுபோன வரிசையில் போய் மாட்டிக்கொள்வதில்தான் முடியும்.

மின்சாரக் கணக்கு. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வாங்கும் போன்களில் இது கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் 30 வாட். ஆனால் ஸ்விட்ச் பெரும்பாலும் போன் உண்மையில் இழுப்பதைப் பார்த்து ஒதுக்குவதில்லை. போன் தன்னை எந்த வகுப்பு என்று அறிவிக்கிறதோ அதை வைத்து ஒதுக்கும்: வகுப்பு 1க்கு 4 வாட், 2க்கு 7, 3க்கு 15.4, 4க்கு 30. மாட்யூல் ஏற்கும் போன்கள் பெரும்பாலும் மேல் வகுப்பாக இருக்கும்.

24 போர்ட் ஸ்விட்ச், மொத்தம் 195 வாட் என்று வையுங்கள். வகுப்பு 2 போன்கள் 20 இருந்தால் 140 வாட், சிக்கலே இல்லை. அதில் ஐந்தை மாட்யூலோடு கூடிய வகுப்பு 4 போன்களாக மாற்றினால் 15 பெருக்கல் 7 என்று 105, 5 பெருக்கல் 30 என்று 150, மொத்தம் 255. அறுபது வாட் துண்டு விழுகிறது. இன்னும் மோசம், இது நிறுவிய அன்றே தெரியாமல் போகலாம். எல்.எல்.டி.பி. (நெட்வொர்க் கருவிகள் தம்மைப் பற்றி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) வழியாகப் போனும் ஸ்விட்சும் பேசித் தேவையைக் குறைத்துக்கொண்டிருந்தால் எல்லாம் ஓடும். பிறகு ஒருநாள் கரண்ட் போய் வரும்போது எல்லாப் போனும் ஒரே நேரத்தில் எழுந்து வகுப்புக்கு உரிய முழு ஒதுக்கீட்டைக் கேட்கும். முன்னுரிமை குறைந்த போர்ட்டில் இருப்பவை இருட்டாகவே கிடக்கும். ரிசப்ஷன் போர்ட்டுக்கு ஸ்விட்சில் உயர்ந்த முன்னுரிமை கொடுத்துவிடுங்கள். அல்லது அந்தப் போன்களுக்கு மட்டும் தனி அடாப்டர் வாங்குங்கள். அடாப்டர் பெரும்பாலும் பெட்டியில் வராது, தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். அதை யூபிஎஸ் உள்ள பிளக்கில் மாட்டாவிட்டால் கரண்ட் போனதும் ரிசப்ஷன் போன்தான் முதலில் அணையும்.

விளக்கு எரிய, அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்சும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷனின் நிலையைக் காட்டும் பட்டனை பிஎல்எஃப் என்பார்கள். மாட்யூலை மாட்டியதும் அது தானாக எரியாது. ஒவ்வொரு பிஎல்எஃப் பட்டனுக்கும் போன், எக்ஸ்சேஞ்சிடம் "இந்த எக்ஸ்டென்ஷனில் ஏதாவது நடந்தால் சொல்" என்று சந்தா போடும். 2005இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4235 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த முறை இது. ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள் எக்ஸ்சேஞ்சில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு "ஹின்ட்" வரி எழுதப்பட்டிருந்தால்தான் சந்தா ஏற்கப்படும். விளக்கு அணைந்தே இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மாட்யூலைத் திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். விளக்கு சரியாக மின்னுகிறது, அழுத்தினால் ஒலிக்கும் அழைப்பை எடுக்க முடியவில்லை என்றால், இன்னொருவரின் அழைப்பை எடுப்பதற்கான பிக்அப் கோடு விடுபட்டிருக்கும். ஆஸ்டெரிஸ்கின் மேல் இயங்கும் ஃப்ரீபிபிஎக்ஸில் அது ** (இரண்டு நட்சத்திரக் குறி), அதோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் எண்.

இன்னொரு மறைமுகச் சுமையும் உண்டு. ஐந்து மேசையில் ஆளுக்கு 60 பிஎல்எஃப் என்றால் 300 சந்தா. ஓர் எக்ஸ்டென்ஷனில் மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது என மூன்று மாற்றம் நடந்தால் ஐந்து மேசைக்கும் சேர்த்து 15 அறிவிப்பு போகும். சிறிய எக்ஸ்சேஞ்சுக்கு இது கனம்தான். இதைக் குறைக்கப் பட்டியலாக ஒரே சந்தா போடும் வழி இருக்கிறது. அதில் வேறு பூதம் கிளம்பும்: எல்லா எக்ஸ்டென்ஷனின் நிலையும் ஒரே அறிவிப்பில் வருவதால் அது 1500 பைட்டைத் தாண்டும். போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யுடிபி முறையில் அனுப்பினால் துண்டு துண்டாகப் போகும். வழியில் ஏதாவது ஃபயர்வால் துண்டுகளைக் கைவிட்டால் 15 பட்டன் வரை ஒழுங்காக ஓடிய அமைப்பு 40 ஆக்கியதும் மொத்தமாக இருண்டுவிடும். போனின் டிரான்ஸ்போர்ட்டை (செய்திகளை அனுப்பும் முறையை) டிசிபி அல்லது டிஎல்எஸ்ஸுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

போர்ட். டி46யூவில் இரண்டு யூஎஸ்பி போர்ட். மாட்யூல் யூஎஸ்பி வழியாகவே இணைவதால் ஒன்று போய்விடும். மற்றதில் யூஎஸ்பி ஹெட்செட் மாட்டினால் வைஃபை டாங்கிளுக்கும் புளூடூத் டாங்கிளுக்கும் இடமில்லை. பழைய டி46ஜியில் நிலைமை இன்னும் நெருக்கடி. மாட்யூலும் வயர்லெஸ் ஹெட்செட்டுக்கான இணைப்புப் பெட்டியும் ஒரே எக்ஸ்ட் போர்ட்டைத்தான் கேட்கும். மேசையில் என்னென்ன மாட்டப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, எதிரே எந்த போர்ட் என்று குறித்துப் பாருங்கள். ஒரே போர்ட் இரண்டு தடவை வந்தால் அந்தச் சேர்க்கை ஓடாது.

மேசை இடம் சின்ன விஷயம் போலத் தெரியும். இரண்டு மாட்யூல் சேர்ந்தால் போன் பக்கவாட்டில் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். ரிசப்ஷன் மேசையில் பெரும்பாலும் மானிட்டருக்கும் விசிட்டர் நோட்டுக்கும் நடுவேதான் போன் இருக்கும். வாங்குமுன் அட்டையை அந்த அளவுக்கு வெட்டி வைத்துப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## பெரிய டச் போன்

மாட்யூலே இல்லாமல் போனிலேயே நிறையப் பட்டன். டி48யூ போன்ற 7 அங்குல டச் போனில் 29 பட்டன் வரை வைக்கலாம். ஆனால் முகப்புத் திரையில் எல்லாம் தெரியாது, விரித்தால்தான் முழுவதும் காட்டும். டி46யூவில் 27 வைக்கலாம். பத்துப் பட்டனில் ஒன்று பக்கம் மாற்றுவதற்குப் போக, ஒரே நேரத்தில் தெரிவது 9.

தேவை 20க்குள் என்றால் இது மாட்யூலைவிட மலிவான, தொந்தரவில்லாத வழி. கேபிள் குறைவு, இடம் குறைவு, பழுதாக ஒரு பொருள் குறைவு. டச் திரையின் குறை, விரலுக்கு அடையாளம் கிடைக்காதது. பார்க்காமல் அழுத்த முடியாது. நாளைக்கு இருநூறு அழைப்பு மாற்றும் மேசையில் இந்த வித்தியாசம் தெரியும். முப்பது அழைப்பு வரும் மேசையில் தெரியாது. வாங்குவதானால் பின்னாளில் மாட்யூல் ஏற்கும் மாடலையே எடுங்கள். இப்போது மாட்யூல் வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்ற வசதி அதில் கிடைக்கும்.

## கணினி கன்சோல்

எக்ஸ்டென்ஷன் அறுபதைத் தாண்டிவிட்டால் என் வாக்கு இதற்கே. அதற்கு மேல் மாட்யூல்களை அடுக்குவது, முகவரிப் புத்தகத்தைச் சுவரில் ஒட்டிவைப்பது போலத்தான். கன்சோலில் பெயரில் மூன்றெழுத்து தட்டினால் ஆள் வந்துவிடுவார். அவர் லைனில் இருக்கிறாரா, மீட்டிங்கில் இருக்கிறாரா என்பது பக்கத்திலேயே தெரியும். புதிதாகச் சேர்ந்தவரின் பெயரை யாரும் போனில் போய் ஏற்ற வேண்டியதில்லை. மாதம் மூன்று பேர் வந்து போகும் இடத்தில் இதுவே பெரிய லாபம். மாட்யூலில் அந்த வேலை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பாதிப் பெயர் பழசாகிவிடும்.

செலவு லைசென்ஸில் இருக்கிறது. பெரும்பாலும் இருக்கைக்கு ஒன்று, ஆண்டுதோறும் அல்லது மாதந்தோறும். சாப்பாட்டு நேரத்தில் மாற்றாள் வேறு கணினியில் உட்கார்ந்தால் இரண்டாவது இருக்கை ஆகுமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரிசப்ஷன் கணினி அலுவலகத்திலேயே பழைய கணினியாக இருப்பது வழக்கம். அதில் கன்சோல் தள்ளாடினால் மென்பொருளைத்தான் திட்டுவார்கள். இரண்டாவது மானிட்டரும் செலவில் சேரும். இல்லாவிட்டால் ஈமெயில் விண்டோவுக்குப் பின்னால் கன்சோல் மறைந்தே கிடக்கும்.

கணினி அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகும் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது? போன் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் யார் எங்கே என்று தெரியாது. ஆகவே கன்சோல் வாங்கினாலும் போனில் இருக்கும் எட்டுப் பத்துப் பட்டனில் முக்கியமானவர்களை பிஎல்எஃப்பாக வைத்துவிடுங்கள். அதற்குத் தனிச் செலவில்லை.

## எதுவும் வாங்காமல்

கோடு போட்ட தாளில் பத்துப் பன்னிரண்டு பெயருக்கே அழைப்பு போகிறது என்று தெரிந்தால், இருக்கும் போனே போதும். அந்தப் பெயர்களை பிஎல்எஃப்பாக வையுங்கள். துறைகளுக்கு குரூப் எண் போடுங்கள்: கணக்குப் பிரிவுக்கு ஐந்து பட்டன் வேண்டாம், ஒரே எண் ஐந்து பேருக்கும் அடிக்கட்டும். ஆளைத் தேட வேண்டிய அழைப்புகளுக்கு கால் பார்க் பட்டன் இரண்டு வையுங்கள். அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு, "701ல் உங்களுக்குக் கால்" என்று சொன்னால் அவர் எந்தப் போனிலிருந்தும் எடுத்துக்கொள்வார்.

## ஹெட்செட், அடாப்டர், டாங்கிள்

ரிசப்ஷனில் மாட்யூலைவிட ஹெட்செட்தான் கை கொடுக்கும் என்று பல சமயம் தோன்றும். கழுத்தில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு பட்டன் தேடுகிறவருக்கு முதலில் வாங்க வேண்டியது அது.

வயர் ஹெட்செட்டில் ஆர்ஜே9 பிளக் பெரும்பாலான மேசைப் போன்களில் நுழையும், ஆனால் உள்ளே வயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களுக்குக் கேட்கிறது, எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஜாப்ரா ஜிஎன்1200 போன்ற கேபிளில் எட்டு நிலை சுவிட்ச் இருக்கிறது. யாரையாவது லைனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினால் சரியான நிலை கிடைத்துவிடும்.

வயர்லெஸ் என்றால் டெக்ட் (கம்பியில்லாப் போன்களுக்கான ரேடியோ தரம்) வகை ஹெட்செட் புளூடூத்தைவிடத் தூரம் தாங்கும். அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு: ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1920 முதல் 1930. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஹெட்செட் இங்கே சட்டப்படி செல்லுமா என்று பார்த்தே பயன்படுத்துங்கள். நெருக்கமான கால் சென்டர் தளத்தில் சேனல் நெரிசலும் வரும். ஐரோப்பிய டெக்டில் 10 அலைவரிசை, ஒவ்வொன்றிலும் 12 இணைப்பு, மொத்தம் 120. அமெரிக்காவில் அதில் பாதி. அகலமான ஒலித்தரத்துக்கு இரட்டை இடம் பிடிக்கும் என்பதால் இன்னும் குறையும்.

மேசையை விட்டு எழுந்து நடக்கும்போதே அழைப்பை எடுக்க வேண்டுமென்றால் இஎச்எஸ் அடாப்டர் (ஹெட்செட் பட்டனாலேயே போனை எடுக்க, வைக்க உதவுவது) அல்லது அந்தப் போனுக்கான இஎச்எஸ் கேபிள் தேவை. இது இல்லாத வயர்லெஸ் ஹெட்செட்டில் பேசலாம், ஆனால் எடுக்க ஓடிவர வேண்டும். ரிசீவரைத் தூக்கும் மின்னியந்திரக் கை கடைசிப் புகலிடம். இஎச்எஸ் இல்லாத பழைய போனுக்கு மட்டும். வைஃபை டாங்கிள் மாட்டினாலும் போனுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் அடாப்டரும் சேர்த்தே வாங்க வேண்டும்.

## வந்ததும் சோதிக்க வேண்டியவை

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்யுங்கள். போனின் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) முதலில் புதுப்பியுங்கள். பழைய பதிப்பில் புதிய மாட்யூலின் திரை வெறுமையாக இருக்கலாம். இரண்டாவது மாட்யூலை மாட்டும்போது முதல் மாட்யூலின் வெளியேறும் போர்ட்டிலிருந்து இரண்டாவதன் உள்போர்ட்டுக்குக் கேபிள் போகிறதா என்று பாருங்கள். தாங்கு தகட்டின் திருகுகளை முழுவதும் முடுக்காமல், ஸ்டாண்டின் கோணம் போனோடு ஒத்துவந்த பிறகு இறுக்குங்கள். பட்டன்களை எல்லாம் ஏற்றிவிட்டு, மூன்று எக்ஸ்டென்ஷனுக்கு அழைத்து மணி, பேச்சு, ஓய்வு மூன்று நிலையிலும் விளக்கு மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஆள் குறைவான நேரத்தில் ஸ்விட்சின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எல்லாப் போனும் எழுந்திருக்க வேண்டும், எல்லா விளக்கும் எரிய வேண்டும். எழாத போன் இருந்தால் மின்சாரக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். விளக்கு மட்டும் வரவில்லையென்றால் சந்தாவை, அதிலும் முதலில் டிரான்ஸ்போர்ட்டைப் பாருங்கள்.